வாய் மூடிய பானைகள்

(காட்சி: கருநீலத்தில் ஓர் உருண்டைப் பானை. கேமரா சுற்றி வருகிறது.)

இந்தப் பானையில் தண்ணீர் பிடிக்க முடியாது, பூவும் வைக்க முடியாது. உச்சியில் சின்னதாக ஒரு துவாரம், அவ்வளவுதான். செய்தவர் தோஷிகோ தகாயேஸு.

1922-இல் ஹவாயில் பெப்பெகேயோ என்ற ஊரில் பிறந்தவர். ஜப்பானின் ஒக்கினாவாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 11 பிள்ளைகள். ஹொனலூலுவில் ஒரு மட்பாண்டப் பட்டறையில், அச்சில் களிமண்ணை அழுத்தும் வேலையில்தான் தொடங்கினார். 1951-இல் மிஷிகனின் கிரான்புரூக் கலைப்பள்ளியில் மட்பாண்டக் கலைஞர் மைஜா குரோட்டெலிடம் படிக்கப் போனார். அப்புறம் 1955-இல் ஜப்பான் பயணம். 1967 முதல் 1992 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்.

சரி, வாயை ஏன் மூடினார்? மூடிவிட்டால் பானை முழுக்க ஒரே பரப்பு. முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. பெரிய பானையைச் சுற்றி நடந்துகொண்டே கிளேஸை, அதாவது சூளையில் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சை, ஊற்றுவார், தூரிகையால் வீசுவார். ஹவாயின் கடல் நீலம் பானைமேல் ஏறியது இப்படித்தான். ஆனால் அடியோடு அடைத்துவிடவும் முடியாது. சூளையில் சூடேறும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி விரியும்; போக வழி இல்லாவிட்டால் பானை வெடிக்கும். அதற்குத்தான் அந்தத் துவாரம்.

(ஒலி: பானையை அசைக்க, உள்ளே ஏதோ உருள்கிறது.)

கேட்டதா? மூடுவதற்கு முன் காகிதம் சுற்றிய களிமண் உருண்டை ஒன்றை உள்ளே போட்டுவிடுவார். காகிதம் இல்லாவிட்டால் ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சூளையில் காகிதம் எரிந்துபோகும், உருண்டை கெட்டியாகிச் சத்தம் கொடுக்கும். யார் கண்ணிலும் படாத ஒன்றுக்கு இத்தனை மெனக்கெடல்! அவர் வேலையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

(காட்சி: கரிய நெடுந்தூண்கள்.)

1959-இல், அவர் பிறந்த அதே தீவில் கிலவேயா இக்கி என்ற எரிமலை வாய் வெடித்தது. எரிமலைத் துகள்கள் கொட்டி ஓஹியா மரக்காடு மொட்டையானது. அந்தக் காட்டை நினைத்து 1980-களில் ஆளுயரத்துக்கும் மேலான தூண்களை எழுப்பினார். இவ்வளவு உயரம் சக்கரத்தில் வராது. களிமண்ணைக் கயிறாகத் திரித்து, வளையம் வளையமாக அடுக்க வேண்டும். கீழ் அடுக்கு கொஞ்சம் இறுகிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் மொத்தமும் சரியும். கிளை இல்லை, இலை இல்லை, அடிமரம் மட்டும். இயற்கை என்றாலே களிமண்ணில் பூவும் கொடியும் ஒட்டுபவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

சூளைக்கு இன்னொரு வேலையும் வைத்திருந்தார். களிமண்ணில் பொதிந்த கோழியை அதில் வேகவைப்பார். காளான், ஆப்பிள் எல்லாம் அதில்தான் காயும்.