பஞ்சை எடுத்து மணந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் தன் 12 வயது மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் வலது காதில் பஞ்சு. எடுத்தால் மஞ்சள் சீழ், அழுகல் நாற்றம். "மூன்று வயதிலிருந்து ஒழுகுது டொக்டர். வளர வளரச் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள்" என்றார். நோவு இல்லை, அதனால் யாரும் பயப்படவில்லை. பள்ளிக்கூட அறிக்கையில் மட்டும் "வகுப்பில் கவனம் போதாது" என்று இருந்தது.

செவிப்பறை மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள சவ்வு. அதன் நடுவில் ஓட்டை விழுந்து, தடிமன் பிடிக்கும்போதும் தலை முழுகும்போதும் ஒழுகினால், முதலில் துப்புரவாக்கிச் சொட்டு மருந்து விட்டுக் காதைக் காய வைப்போம். அப்புறம் ஒட்டுப் போடுவோம். காதுக்கு மேலே, தலைமயிர் மறைக்கும் இடத்தில் சிறு கீறல். அங்கே தசையைப் போர்த்தியிருக்கும் வெள்ளைச் சவ்வில் ஒரு துண்டு எடுத்து உலர்த்தினால் எண்ணெய்த்தாள் போல ஆகிவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி அதை ஓட்டைக்கு அடியில் விரித்துவிட்டால், செவிப்பறை அதன்மேல் தானாக வளர்ந்து மூடும். பெரும்பாலானவர்களுக்கு முதல் தடவையே பிடித்துவிடுகிறது.

இந்தப் பிள்ளைக்கு அது போதாது. சீழை உறிஞ்சி எடுத்ததும் செவிப்பறையின் மேல் விளிம்பில் முத்துப்போல வெள்ளையாக ஒன்று தெரிந்தது. கொலஸ்டியட்டோமா. உள்ளே இழுபட்ட தோல் உதிர்ந்து உதிர்ந்து வெங்காயம் போல அடுக்கடுக்காகச் சேர்வது. எலும்பை அரிக்கும். முகத்தை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, மேலே மூளை. சொட்டு மருந்துக்கு இது மசியாது. காதுக்குப் பின்னால் மாஸ்டொயிட் எலும்பைக் குடைந்து வேரோடு எடுக்க வேண்டும்.

எடுத்தோம். ஒலியைக் கடத்தும் மூன்று சிறு எலும்புகளில் நடு எலும்பின் நுனி ஏற்கெனவே கரைந்துபோயிருந்தது. வகுப்பில் பாதி கேட்காமல் போனதற்குக் காரணம் அதுதான். மிச்சம் ஏதும் வளர்கிறதா என்று அடுத்த வருடம் மறுபடி திறந்து பார்ப்போம், காது கேட்பதைச் சீராக்குவதும் அப்போதுதான்.

"சின்ன வயதிலேயே கொண்டுவந்திருந்தால் அந்த எலும்பு இருந்திருக்குமா டொக்டர்?" என்று தாய் கேட்டார். இருந்திருக்கக்கூடும் என்று உண்மையைச் சொன்னேன். சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒழுகும் காதில் உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடாதீர்கள். அந்தக் காதோடு பிள்ளையை வெள்ளவத்தைக் கடலில் இறங்க விடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஒழுகினால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், பெரியாஸ்பத்திரியில் பணம் கேட்கமாட்டார்கள். பஞ்சு நாறினால் இரண்டு கிழமையும் பார்க்க வேண்டாம், அடுத்த நாளே போங்கள்.

நன்றி, வணக்கம்.