பழைய ட்ரயல்ஸ் வண்டியின் ஜாதகம்

வணக்கம் நேயர்களே. உங்கள் தெருவில் யாராவது ஒருவர் புல்லட் வைத்திருப்பார். காலையில் அவர் கிக்கரை மிதித்ததும் டப்... டப்... டப் என்று கேட்கும், ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எண்ணிவிடலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்பா ஒரு புல்லட் வைத்திருந்தார், அது இப்போது என்னிடம் இருக்கிறது. அப்புறம் பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் ஆட்டோமொபைல் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் இந்த வண்டியின் மூதாதையர் சேற்றிலும் பாறையிலும் புரண்டவர்கள் என்பது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் ட்ரயல்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பொங்கலுக்கு ஊரில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கடைசியாக வருகிறவருக்குப் பரிசு, காலை ஊன்றினால் அவுட். அதை அப்படியே மோட்டார் சைக்கிளுக்கு மாற்றி, பள்ளி மைதானத்துக்குப் பதிலாக ஒரு காட்டாற்றுக்குள் வைத்தால் அதுதான் ட்ரயல்ஸ். வேகத்துக்கு அங்கே பெரிய மதிப்பு இல்லை. உருண்டைக் கல், வழுக்குப் பாறை, மரவேர், செங்குத்தான சேற்று மேடு, இப்படி ஒரு சின்னப் பகுதியைக் கயிறு கட்டிக் குறித்திருப்பார்கள். அதில் கால் ஊன்றாமல் ஏறி வெளியே வர வேண்டும். ஒரு நடுவர் நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் காலக் கணக்குப்படி ஒரு தரம் ஊன்றினால் 1, பலமுறை ஊன்றினால் 3, வண்டி நின்றுபோனால் 5. குறைவாக வாங்கியவர் ஜெயித்தவர். மதிப்பெண் வாங்காமல் இருப்பதுதான் இந்தப் போட்டியில் கெட்டிக்காரத்தனம்.

பிரிட்டனில் இது நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. ஸ்காட்லாந்தில் 1909இல் ஐந்து நாள் போட்டியாகத் தொடங்கி 1911இல் ஆறு நாளாக வளர்ந்த 'ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரயல்' இன்றைக்கும் இருக்கிறது. 1914இல் யார்க்‌ஷயரில் ஆல்ஃபிரட் ஸ்காட் என்பவர், சொந்தமாக மோட்டார் சைக்கிள் கம்பெனி வைத்திருந்தவர், தன் தொழிலாளிகளுக்காக ஒரு போட்டி வைத்தார். முதலாளி தன் பட்டறை ஆட்களுக்கு வைத்த போட்டி! எனக்கு அதில் தனி சந்தோஷம். இந்த விளையாட்டு ஆரம்பத்திலிருந்தே வேலைக்குப் போகிற மனிதர்களுடையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது வேண்டும்.

சரி, 1961க்கு வருவோம். கார்டன் ஜாக்சன் என்பவர் ஏ.ஜே.எஸ். 350 வண்டியில் ஸ்காட்டிஷ் போட்டிக்கு வருகிறார். ஆறு நாள். மழை, குளிர், ஆறு, பாறை. ஆறு நாள் முடிந்து கூட்டிப் பார்த்தால் அவர் கணக்கில் 1. ஒன்றே ஒன்று! ஆறு நாளில் ஒரே ஒரு முறை அவருடைய ஒரு கால் தரையைத் தொட்டது. நாமெல்லாம் சிக்னலில் நிற்பதற்குள் நாலு தரம் கால் ஊன்றுகிறோம். அவர் ஓட்டிய வண்டியின் எண் 187 பி.எல்.எஃப். அந்த எண்ணை இன்றைக்கும் அங்கே பழைய வண்டிப் பிரியர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஜாக்சனுடைய வண்டி மட்டுமில்லை. வடஅயர்லாந்துக்காரர் சாமி மில்லர் ஓட்டிய ஏரியல் 500, அதன் எண் ஜி.ஓ.வி. 132. ஜானி பிரிட்டன் ஓட்டிய ராயல் என்ஃபீல்டு எச்.என்.பி. 331. கோயில் யானையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி அந்த ஊரில் இந்த வண்டிகளை நம்பர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். அந்த எழுத்துகளுக்குள் ஊரும் ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் டி.என். என்று போட்டு ஆர்.டி.ஓ. எண் வருகிற மாதிரி, அங்கே கடைசி இரண்டு எழுத்து எந்த ஊர் கவுன்சில் பதிவு செய்தது என்று சொல்லும். ஓ.வி. என்றால் பர்மிங்காம், ஏரியல் கம்பெனி அங்கேதான் இருந்தது. என்.பி. என்றால் வூஸ்டர்‌ஷயர், என்ஃபீல்டு இருந்த ரெட்டிட்ச் அந்த வட்டாரத்தில் வருகிறது. எல்.எஃப். லண்டன், ஏ.ஜே.எஸ். அப்போது லண்டனில் பிளம்ஸ்டெட்டில் தயாரானது. ஆக, நம்பரைப் பார்த்தாலே வண்டி கம்பெனி வாசலில் பதிவானதா, வேறு எங்காவது பதிவானதா என்று ஒரு துப்பு கிடைத்துவிடும்.

துப்புதான், நேயர்களே. தீர்ப்பு இல்லை. இதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் மகள் பர்மிங்காமில் இருக்கிறாள். பேரன் பிறந்த சமயம் நானும் என் மனைவியும் ஆறு மாதம் போயிருந்தோம். ஒரு நாள் காலை நடக்கப் போனேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு ஷெட்டிலிருந்து, டப்... டப்... டப். அந்நிய ஊரில் அப்பாவின் குரலைக் கேட்ட மாதிரி இருந்தது, நின்றுவிட்டேன். உள்ளே எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், எண்ணெய்க் கையோடு. எங்கள் வீட்டிலும் ஒரு புல்லட் இருக்கிறது என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது, டீ வந்தது. அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை அநேகமாக தினமும் அந்த ஷெட்டில்தான் இருந்தேன்.

அவரிடம் இருந்தது ஐம்பதுகளைச் சேர்ந்த ட்ரயல்ஸ் புல்லட் 350. சைலன்சர் மேலே தூக்கி வளைந்திருக்கும், டேங்க் ஒடுக்கம், சீட் ஒரு ஆளுக்குத்தான். விற்றவர் சொல்லி விற்றிருக்கிறார்: இது சாதாரண வண்டி இல்லை, கம்பெனியே தன் வீரர்களுக்குக் கொடுத்த வண்டி என்று. அதற்காகவே கூடுதல் விலை கொடுத்திருக்கிறார் இவர். வயதாகிவிட்டது, உண்மை தெரிந்துவிட்டால் நிம்மதி, கண்டுபிடிக்க உதவுகிறாயா என்று கேட்டார்.

நான் முதலில் செய்தது நம் ஊர் வேலை. பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறபோது சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து எடுப்போமே, அதேதான். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் ஒன்று, இன்ஜினில் ஒன்று. பெரியவருக்கு ரொம்ப ஆச்சரியம், அவர் அதுவரை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துத்தான் எழுதியிருக்கிறார். பென்சிலில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். ஒரு எண்ணை அரம் போட்டு அழித்து மேலே வேறு எண் குத்தியிருந்தால் பழைய எண்ணின் நிழல் விழும். அப்படி எதுவும் இல்லை, இரண்டும் சுத்தமாக வந்தன.

அடுத்தது காகிதம். அந்த நாட்டில் 1921 முதல் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு லாக் புக் உண்டு, நம் ஆர்.சி. புக் மாதிரி. கை மாறுகிறபோதெல்லாம் புது சொந்தக்காரர் பெயரை எழுதி கவுன்சில் முத்திரை குத்துவார்கள். எழுபதுகளில் எல்லாப் பதிவையும் ஸ்வான்சி என்ற ஊருக்கு மாற்றி கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அதன்பின் கவுன்சில்களின் பெரிய பேரேடுகள் சில ஊர்களில் ஆவணக் காப்பகத்துக்குப் போயின, சில ஊர்களில் குப்பைக்கே போய்விட்டன. குப்பைக்குப் போனது என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. கம்பெனிப் பேரேடுகள் பலவற்றை இந்த வண்டிகளின் மேல் பிரியம் வைத்தவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். 1946இல் தொடங்கிய வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகமும், ஒவ்வொரு பிராண்டுக்கும் இருக்கிற உரிமையாளர் சங்கங்களும் அவற்றை வைத்திருக்கின்றன. எண்ணை எழுதிக் கேட்டால், எந்தத் தேதியில் எந்த டீலருக்கு வண்டி அனுப்பப்பட்டது என்று யாரோ ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துப் பதில் போடுகிறார்.

எங்களுக்கும் பதில் வந்தது. அந்த வண்டி கம்பெனியின் போட்டிப் பிரிவுக்குப் போகவே இல்லை. ஒரு ஆலைத் தொழில் ஊரில் இருந்த டீலருக்குப் போயிருக்கிறது. கடையில் காசு கொடுத்து எவரும் வாங்கக்கூடிய ட்ரயல்ஸ் புல்லட். லாக் புக்கில் முதல் சொந்தக்காரர் அதே ஊர்க்காரர், பதினோரு வருடம் வைத்திருந்திருக்கிறார்.

பெரியவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று மதியம் வண்டியை மறுபடியும் ஒரு அங்குலம் விடாமல் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, முன்விளக்கு மாட்டுகிற கம்பியில் போல்ட் போகிற ஓட்டை. வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. இரண்டு பக்கமும்.

ஏன் தேய்கிறது? விளக்கைக் கழற்றிக் கழற்றி மாட்டினால்தான் அப்படித் தேயும். அதாவது அந்த மனிதர் திங்கள் முதல் சனி வரை விளக்கு மாட்டிக்கொண்டு இதே வண்டியில்தான் வேலைக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கிற இடத்துக்கும் இதிலேயே ஓட்டிப் போய், விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, நாளெல்லாம் பாறையில் ஏறி, சாயங்காலம் திரும்ப மாட்டி, இருட்டில் வீட்டுக்கு வந்திருக்கிறார். வாரா வாரம் பதினோரு வருடம்! இன்ஜினுக்கு அடியில் கல் உரசின கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. கீழ்க் குழாய் ஒரு இடத்தில் விரிசல் விட்டு வெல்டிங் வைத்திருந்தது, நல்ல கைத்திறமையான வெல்டிங். அப்போது அங்கே மோட்டார் சைக்கிளுக்கென்று இரண்டு வாரப் பத்திரிகைகள் இருந்தன. அட்டை நிறத்தை வைத்து ஒன்றை நீலம், மற்றதைப் பச்சை என்பார்களாம். ஒரு நூலகத்தில் உட்கார்ந்து பழைய இதழ்களில் பொடி எழுத்தில் போட்டிருந்த உள்ளூர்ப் போட்டி முடிவுகளைத் தேடினோம். லாக் புக்கில் இருந்த அதே பெயர் ஒரு குளிர்காலப் போட்டியில் முதல் வகுப்பு விருதுப் பட்டியலில் இருந்தது. பெரியவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். பழைய ட்ரயல்ஸ் வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் கம்பெனி வண்டி, சாம்பியன் ஓட்டின வண்டி என்றே தேடுகிறார்கள். ஆனால் கம்பெனி வண்டிதான் உள்ளதிலேயே அதிகமாக மாறிய வண்டி. சாமி மில்லரின் ஜி.ஓ.வி. 132ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். எடை குறைக்க வேண்டும், எடை குறைக்க வேண்டும் என்று அவர் வருடா வருடம் அதை மாற்றிக்கொண்டே இருந்தார். சட்டகம் மெல்லிய ரெனால்ட்ஸ் குழாய்க்கு மாறியது, டேங்க் ஃபைபர் கிளாஸ் ஆனது. நம்பர் பிளேட் மட்டும் அப்படியே இருந்தது. அது ஏமாற்று இல்லை, ஜெயிப்பதற்காக உழைத்த உழைப்பு, அந்த வண்டி இன்றைக்கு நியூ மில்டன் ஊரில் அவருடைய மியூசியத்திலேயே இருக்கிறது. நான் குறை சொல்வது வேறு. சாதாரண வண்டிக்குப் பிரபலமான வேஷம் கட்டுகிறார்கள். அந்த வேஷத்துக்காகத் தேய்ந்த பாகங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள். என் பெரியவரின் வண்டியில் அந்த விளக்குக் கம்பியை மாற்றியிருந்தால் பதினோரு வருடக் கதையும் போயிருக்கும். பிரதி செய்கிறவர் தாராளமாகச் செய்யட்டும், பிரதி என்று சொல்லிச் செய்யட்டும். தேய்ந்த ஓட்டையில் கை வைக்காதீர்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு போட்டோவாவது எடுங்கள்.

நேரம் போய்விட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சொல்ல நினைத்தது இன்னும் பாதி இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1948இல் கோல்மோர் கப் என்ற போட்டிக்கு ராயல் என்ஃபீல்டு ஒரு புது வண்டியைக் கொண்டுவந்தது. பின்சக்கரத்துக்கு சுவிங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் இருந்தன. பின்பக்கம் விறைப்பாக இருந்தால்தான் டயர் தரையைப் பிடிக்கும் என்று ட்ரயல்ஸ்காரர்கள் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டிதான் நமக்குத் தெரிந்த புல்லட்டின் ஆரம்பம். ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் புல்லட்டில் ஸ்காட்டிஷ் போட்டியை ஜெயித்தார். இடையில் 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பமாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் ரெட்டிட்சிலிருந்து வந்தன, அப்புறம் எல்லாமே இங்கேயே. சாமி மில்லர் 1964 கடைசியில் ஸ்பெயினின் புல்டாக்கோவுக்குப் போய், 1965இல் அந்த லேசான டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஸ்காட்டிஷ் போட்டியை ஜெயித்தார். கனமான ஃபோர் ஸ்ட்ரோக் காலம் அதோடு முடிந்தது. 1969இல் பில் வில்கின்சன் கிரீவ்ஸ் என்ற பிரிட்டிஷ் வண்டியில் ஒரு தரம் ஜெயித்தார். எசெக்ஸில் தயாரான அந்த கிரீவ்ஸ் பற்றித் தனியாகப் பேச ஆசைப்பட்டேன், இன்றைக்கு முடியாது. 1984இலிருந்து பழைய வண்டிகளுக்கென்றே கின்லாக்லெவன் என்ற ஊரில் தனிப் போட்டி வைக்கிறார்கள். ரெட்டிட்ச் தொழிற்சாலையை 1967இலேயே மூடிவிட்டார்கள், திருவொற்றியூரில் தயாரிப்பு தொடர்ந்தது.

அப்பாவின் புல்லட் கழுத்தில் பென்சிலால் தேய்த்தெடுத்த காகிதம் இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது. அதில் ஒரு எண் லேசாகச் சாய்ந்து விழுந்திருக்கிறது. திருவொற்றியூரில் யாரோ ஒருவர் கையால் சுத்தியலை இறக்கிய எண். அவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். நன்றி, வணக்கம்.