புகை என்பது எரியாத விறகு

நேயர்களுக்கு வணக்கம்.

விறகு அடுப்பைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவள் நான். எரிதல் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கல்யாணமாகி மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்த புதிதில் அடுப்பு எரிக்கத் தெரியாமல் நின்றேன். அடுப்பங்கரை முழுக்கப் புகை, கண்ணில் தாரையாகத் தண்ணீர், உலை மட்டும் கொதிக்கவில்லை. மாமியார் வந்து பார்த்தார். நான் திணித்து வைத்திருந்த ஐந்து கட்டைகளில் மூன்றை வெளியே இழுத்தார். அடியில் மூடிக் கிடந்த சாம்பலைக் கரண்டியால் வாரினார். தீ தானாகப் பிடித்துக்கொண்டது. "படிச்ச பொண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் செய்த இரண்டுக்கும் காரணம் நான் நடத்திய பாடத்துக்குள்ளேயே இருந்தது. எனக்குத்தான் அன்றைக்கு அது தோன்றவில்லை.

கேஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கேஸ் வாங்க முடிகிறவர்கள் கேஸிலேயே சமையுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். விறகடுப்புச் சோற்றின் ருசியைப் புகழ்கிறவர்களில் பாதிப் பேர் ஊதாங்குழலைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் நம் பக்கத்தில் குளிக்க வெந்நீருக்கும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும், பத்துப் பேர் வந்து இறங்கிவிட்டால் பெரிய பானை ஏற்றவும் கொல்லையில் ஒரு மண் அடுப்பு இருக்கத்தான் செய்கிறது. சில வீடுகளில் இருப்பதே அந்த ஓர் அடுப்புதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிச் சற்று நேரம் எரிய விட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைக் கோடாகப் புகை எழும். எரிகிற தீக்குச்சியைத் திரியில் படாமல், அந்தப் புகையில் மட்டும் காட்டுங்கள். நெருப்பு புகை வழியாகவே சரசரவென்று இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். வகுப்பில் இதைச் செய்து காட்டினால் கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட எழுந்து நிற்பார்கள். அந்தப் புகை, எரிய வேண்டியது எரியாமல் போகிற மெழுகு.

விறகும் அப்படித்தான். கட்டை சூடேறி 300 டிகிரியை நெருங்கும்போது உள்ளேயிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படி வாயுவாகவே வெளியேறிவிடும். நாம் பார்க்கிற சுடர் இந்த வாயு எரிவதுதான். மிஞ்சுகிற கரி தணலாகக் கனிகிறது. இந்த வாயு முழுக்கப் பற்றி எரிய ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும், வேண்டிய அளவு காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது எரியாமல் புகையாகக் கூரைக்குப் போகும். காசு கொடுத்து வாங்கிய விறகு கண்ணைக் கரித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் விறகை மிச்சப்படுத்துவதும் புகையைக் குறைப்பதும் இரண்டு வேலை இல்லை.

இதில் பெரிய எதிரி ஈரம். அப்போது வெட்டிய பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கும். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், டீச்சர் புத்தி போகாது. ஐந்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 350 கிலோ கலோரி வெப்பம் போதும். ஒரு கிலோ பச்சை விறகை எரித்தால், அதற்குள் இருக்கிற அரைக் கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கவே 300 கிலோ கலோரி செலவாகிவிடும். கிட்டத்தட்ட ஓர் உலை கொதிக்க வேண்டிய சூட்டைக் கட்டைக்குள் இருக்கும் தண்ணீருக்குக் கொடுத்து விடுகிறோம். அதைவிட மோசம், அந்த நீராவி தீயைக் குளிர வைத்து, வாயு பற்றிக்கொள்ளத் தேவையான சூடே வராமல் செய்துவிடும். கட்டையின் நுனியில் நுரை தள்ளி "சுர்ர்" என்று சத்தம் வந்தால் அதுதான் நடக்கிறது.

நம் ஊரில் இது எப்போது வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. அந்த இரண்டு மாதத்தில் விறகுவாடிக்குப் போய் நின்றால் கிடைப்பது நனைந்த சவுக்குதான். அன்றைக்கு அடுப்பைத் திட்டிப் பயனில்லை. மழைக்கால அடுப்பை எரிக்கிற வேலை பங்குனியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் வாங்கிப் போட்டால் அக்கினி நட்சத்திரமும் ஆடிக் காற்றும் காசில்லாமல் காய வைத்துக் கொடுத்துவிடும்.

ஆனால் வாங்கி அப்படியே குவித்துப் போட்டால் காயாது. மரப்பட்டை தண்ணீரை லேசில் வெளியே விடாது, அதனால் முதலில் பிளக்க வேண்டும். மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் எந்தக் கட்டையும் வேண்டாம், கட்டைவிரல் பருமன் இன்னும் நல்லது. தரையில் நாலு செங்கல் போட்டு அதன் மேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள், கீழே காற்று ஓட வேண்டும். தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள். நாலு பக்கமும் இழுத்து மூடிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது "டங்" என்று கணீரென்று சொல்லும். ஈரம் இருந்தால் "சொத்" என்று விழும். நுனியில் சூரியக் கதிர் மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால் அதுவும் நல்ல அடையாளம். இன்னும் சந்தேகமா? ஒரு துண்டில் அடையாளம் போட்டுக் கடைத் தராசில் வாராவாரம் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது எந்த வாரம் நிற்கிறதோ, அதற்கு மேல் அது காயப்போவதில்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம் என் தம்பி வீட்டுத் தோப்பில் நின்ற மரங்களை எண்ணுவது சுலபமாக இருந்தது, அவ்வளவு குறைவு. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. விழுந்து கிடக்கிற தென்னையை அறுத்து அடுப்பில் வைத்தார்கள். தென்னை மரத்தின் நடுப்பகுதி பஞ்சு மாதிரி, தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். புகை தெருவையே மறைத்தது. அந்த வாரம் அவர்களைக் காப்பாற்றியது பரணில் கிடந்த பழைய கொட்டாங்கச்சியும் பாளையும்தான். அதிலிருந்து அவன் வீட்டில் ஒரு சாக்குக் கொட்டாங்கச்சி எப்போதும் தனியாக இருக்கிறது, யாரையும் தொட விடுவதில்லை.

பற்ற வைப்பதற்குத் தென்னையைப் போல் கொடுத்து வைத்த மரம் கிடையாது. பன்னாடை ஒரு பிடி, அதன் மேல் காய்ந்த பாளைச் சிராய், அப்புறம் விரல் பருமன் சுள்ளி, குறுக்கும் நெடுக்குமாக. மண்ணெண்ணெய் வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கொளுத்திப் பற்ற வைக்கிற வழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது, அந்தப் புகை விறகுப் புகையைவிடக் கெடுதல். பெயின்ட் அடித்த பழைய பலகையும் அப்படித்தான். அரளிக் குச்சி கூடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தில்லை மரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, புகையும் கண்ணுக்கு ஆகாது.

அடுப்பு சில்லென்று இருக்கும் முதல் ஐந்து நிமிஷம்தான் அதிகமாகப் புகையும். தூக்கி வைக்கிற அடுப்பாக இருந்தால் வாசலில் பற்ற வைத்து, சுடர் தெளிந்த பிறகு உள்ளே கொண்டு வாருங்கள்.

இப்போது மாமியார் இழுத்துப் போட்ட அந்த மூன்று கட்டைகளுக்கு வருகிறேன். அடுப்பின் வாயை விறகால் அடைத்துவிட்டால் காற்று எங்கே நுழையும்? இரண்டு கட்டை, மிஞ்சினால் மூன்று. கட்டைக்குக் கட்டை ஒரு விரல் இடைவெளி. நுனி மட்டும் எரிய வேண்டும், எரிய எரியத் தள்ளிக்கொடுக்க வேண்டும். ஒற்றைக் கட்டை வைத்தாலும் அணைந்துவிடும், ஏனென்றால் ஒன்றின் தணல் சூடுதான் பக்கத்துக் கட்டையை எரிய வைக்கிறது.

இன்னொரு காற்று அடியிலிருந்து வர வேண்டும். கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டுகளை அடுப்பு வாய்க்குள் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் வரிசையாகப் பதித்துவிடுங்கள். விறகு கம்பி மேல் கிடக்கும், காற்று கீழே புகுந்து தணல் வழியாகச் சூடேறி மேலே வரும், சாம்பல் தானாக உதிரும். இருநூறு ரூபாய்கூட ஆகாத இந்த வேலைக்கு ஈடாக நான் வேறெதையும் சொல்ல மாட்டேன். அடிக்கடி ஊதாங்குழலைத் தேட வேண்டி வந்தால் ஒன்று சாம்பல் அடைத்திருக்கிறது, இல்லை விறகு ஈரம். "அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு" என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். படித்திருந்தால் ஊதவே வேண்டியிருந்திருக்காது.

உலை கொதித்துவிட்டதா, மாமியாரின் இன்னொரு பாடம்: எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும். இந்தப் பழமொழியை நாம் சண்டைக்கும் சமாதானத்துக்கும் சொல்கிறோம், அடுப்பில் மறந்துவிடுகிறோம். தளதளவென்று பொங்கினாலும் மெல்லக் குமிழ் விட்டாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் அரிசி சீக்கிரம் வேகப்போவதும் இல்லை. விறகை இழுத்து, மூடியைப் போட்டு, தணலில் விட்டால் போதும். பருப்பை ஊற வைத்துப் போட்டால் இன்னும் மிச்சம்.

அடுப்பைக் கட்டுவது பற்றிக் கொஞ்சம். நம் களிமண்ணை அப்படியே குழைத்துக் கட்டினால் வெடிக்கும். வண்டல் மண்ணோடு நெல் உமியை நிறையச் சேர்த்துப் புளிக்க வைத்துக் கட்டுங்கள். உள்சுவரில் உமி எரிந்து சின்னச் சின்னத் துளைகளாகிவிடும், அந்தத் துளையில் நிற்கிற காற்று சூட்டை வெளியே விடாது. பானைக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் தடிமன் சந்து இருக்கும்படி, பானை உட்காரும் மண் குமிழ்களை வையுங்கள். அதிகமானால் சுடர் பானையைத் தொடாமல் பக்கத்தில் ஓடிவிடும், குறைந்தால் மூச்சுமுட்டிப் புகையும். பக்கத்தில் ஒட்டிக் கட்டிய துணை அடுப்பு, அதாவது கொடியடுப்பு இருந்தால் அதில் எப்போதும் ஒரு பானைத் தண்ணீராவது இருக்கட்டும். வெறுமனே விட்டால் சூடு சும்மா போகிறது.

இந்த யோசனைகள் நேற்று வந்தவை இல்லை. நம் தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா வார்தாவில் மகன்வாடியில் இருந்துகொண்டு கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். அந்த மகன்வாடியிலிருந்துதான் 1940-களில் மகன் சூலா என்ற அடுப்பு வந்தது. மகன் என்றால் பிள்ளை இல்லை, காந்தியின் உறவினர் மகன்லால் காந்தியின் பெயர். அப்புறம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அஸ்த்ரா என்ற குழுவினர் மூன்று பானை வைக்கிற அடுப்பு ஒன்றைச் செய்து அஸ்த்ரா ஒலெ என்று பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு. நம் உலைதான் அது.

புகைபோக்கி வைத்த அடுப்பு எங்கள் தெருவிலும் நாலு வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள், ரொம்ப வருஷம் முன்னால். குழாயில் படிகிற கரியை மாதம் ஒரு தடவை இறக்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழாய் அடைத்துக்கொண்டு புகை வீட்டுக்குள்ளேயே திரும்ப, இரண்டு வருஷத்துக்குள் நாலையும் இடித்துவிட்டார்கள். குற்றம் அடுப்பின் மேல் வந்தது. புகைபோக்கி வைக்கிறவர்கள் அதைக் கூரைக்கு மேலே நன்றாக உயர்த்துங்கள், சுத்தம் பண்ண ஒரு வாயும் விடுங்கள். இல்லாதவர்கள் அடுப்பை ஜன்னலுக்குக் கீழே வைத்து, கூரையை ஒட்டி ஒரு திறப்பு விட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். வீட்டுக்குள் விறகும் கரியும் சாணமும் எரிப்பதால் வரும் காற்று மாசால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்காராதீர்கள்.

புகை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கனிந்த தணலின் மேல் நீலமாக ஒரு சுடர் ஆடுமே, அது கார்பன் மோனாக்சைடு எரிவது. எரியாமல் தப்பினால் அதற்கு வாசனை கிடையாது, கண் கரிக்காது, ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். மார்கழிக் குளிருக்கும் பிள்ளை பெற்றவளுக்குக் கதகதப்புக்கும் என்று கதவைச் சாத்திக்கொண்டு குமுட்டியில் தணல் வைத்துப் படுக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம்.

சாம்பலிலும் ஒரு பாடம் பட்டிருக்கிறேன். ஒரு நாள் ராத்திரி ஆறிவிட்டது என்று நினைத்துக் கொல்லையில் கொட்டினேன். பக்கத்தில் வைக்கோல் போர். விடியற்காலை நாலு மணிக்கு மாடு கத்தித்தான் எழுந்தோம். போரில் பாதி போய்விட்டது. சாம்பலுக்குள் கங்கு ஒரு ராத்திரி முழுக்க உயிரோடு இருக்கும். தண்ணீர் தெளித்து, ஒரு நாள் மண்சட்டியில் வைத்திருந்து, அப்புறம் வாழைக்குப் போடுங்கள்.

நேற்று எங்கள் வீட்டில் ஒரு வண்டி சவுக்கு வந்து இறங்கியது. "நல்லாக் காஞ்சது டீச்சர், இன்னைக்கே எரிக்கலாம்" என்றார் கொண்டு வந்தவர். இரண்டு துண்டை எடுத்துத் தட்டினேன். "சொத்" என்றது. அவரும் கேட்டார், தலையைச் சொறிந்துகொண்டு நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். பிளப்பதற்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், மூன்று மணிக்கு. வணக்கம்.