‘ஸ்ட்ரீட் ஸ்மார்ட்’ என்று சொன்னால் பாராட்டா, கிண்டலா?

அடுத்த கேள்வி. விற்பனைப் பிரிவு வேலைக்கு இன்டர்வியூ போய் வந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “‘எங்களுக்கு ஸ்ட்ரீட் ஸ்மார்ட்டான ஆட்கள்தான் வேண்டும்’ என்று மேனேஜர் சொன்னார். தெருவில் சுற்றுகிறவன் என்று அர்த்தமா? நான் எம்.காம். முடித்தவன். படிப்பெல்லாம் வேண்டாம் என்கிறாரா? அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?”

கோபப்படாதீர்கள் தம்பி, அது பாராட்டுதான். குழப்பம் ‘ஸ்மார்ட்’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. நம் வீடுகளில் “மாப்பிள்ளை ஸ்மார்ட்டா இருக்கார்” என்றால் ஆள் பார்க்க லட்சணமாக இருக்கிறார் என்று பொருள். பிரிட்டிஷ்காரர் சொன்னால் டிப்டாப்பாக உடுத்தியிருக்கிறார் என்றும் இருக்கலாம். அமெரிக்கர் வாயில் வந்தால் பெரும்பாலும் மூளை. ‘ஸ்ட்ரீட் ஸ்மார்ட்’ அமெரிக்கப் பெருநகரத்துப் பேச்சு. அதனால் இங்கே சட்டை, சென்ட், முகவெட்டு எதற்கும் வேலை இல்லை.

அது எப்படிப்பட்ட மூளை என்பதற்கு நியூயார்க்கிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கோடைக்காலம், ஆபீஸ் விடும் நேரம். சுரங்க ரயில் வருகிறது. எல்லாப் பெட்டியிலும் ஆட்கள் பிதுங்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஒரே ஒரு பெட்டி மட்டும் காலி. ஊருக்குப் புதியவர் “அடடா, அதிர்ஷ்டம்!” என்று ஓடிப்போய் ஏறுவார். உள்ளூர்க்காரர் அந்தப் பக்கமே போக மாட்டார், கூட்டத்திலேயே இடித்துக்கொண்டு ஏறுவார். கூட்ட நேரத்தில் ஒரு பெட்டி சும்மா காலியாக இருக்காது. ஏ.சி. வேலை செய்யாமல் உள்ளே வெந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும்படி ஏதாவது நாற்றம் இருக்கும். கதவு மூடிய பிறகுதான் புதியவருக்கு அது தெரியவரும். உள்ளூர்க்காரர் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. “எல்லோரும் விட்டுவைத்திருக்கிறார்களே, ஏன்?” என்று ஒரு நொடி யோசித்தார், அவ்வளவுதான்.

அதே ஊரின் விமான நிலையத்தில் இறங்கினால், வெளியே வருவதற்குள்ளேயே ஒருவர் வந்து “டாக்ஸி, டாக்ஸி” என்று காதோரம் கேட்பார். விவரம் தெரிந்தவர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராக மஞ்சள் டாக்ஸி வரிசைக்குப் போய்விடுவார். நடைபாதையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மூன்று சீட்டை மாற்றி மாற்றி வைத்து “ராணி எங்கே?” என்று ஆடும் ஆட்டமும் அந்த ஊரில் பிரபலம். நம் திருவிழாக்களில் மூணு சீட்டு என்பார்களே, அதுவேதான். முதலில் ஜெயித்துப் பணம் வாங்குகிறவர் ஆட்டக்காரரின் கூட்டாளி என்று தெரிந்து, நிற்காமல் நடக்கிறவரைத்தான் ஸ்ட்ரீட் ஸ்மார்ட் என்பார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ‘புக் ஸ்மார்ட்’. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்வதில் இருக்கும் அதே குத்தல் இதிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று எந்த விதியும் இல்லை. உங்கள் எம்.காமை யாரும் குறைசொல்லவில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘சாமர்த்தியசாலி’ ஓரளவு சரி. ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்றால் பொருள் கிட்டே வரும், ஆனால் நாம் அதைப் பாதி நேரம் வயிற்றெரிச்சலில்தான் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லில் அந்த எரிச்சல் இல்லை. எனக்குப் பிடித்தது மதுரைப் பக்கத்து ‘சூதானம்’. “சூதானமா போயிட்டு வா” என்று அம்மா சொல்வதில் எச்சரிக்கையும் சமயோசிதமும் சேர்ந்தே இருக்கிறது பாருங்கள்.

இலக்கணத்தில் நிறையப் பேர் வழுக்கும் இடம் ஒன்று. ஆளை வர்ணித்தால் “ஷி இஸ் ஸ்ட்ரீட்-ஸ்மார்ட்”. அந்தத் திறமையைப் பெயர்ச்சொல்லாகச் சொன்னால் கடைசியில் எஸ் வரும்: “ஷி ஹாஸ் ஸ்ட்ரீட் ஸ்மார்ட்ஸ்”. “ஹாஸ் எ ஸ்ட்ரீட் ஸ்மார்ட்” என்பது தவறு. ‘ஸ்ட்ரீட்வைஸ்’ என்றாலும் ஏறக்குறைய இதே பொருள்தான். ஆனால் வாய் தவறி ‘ஸ்ட்ரீட்வாக்கர்’ என்று எந்தப் பெண்ணையும் சொல்லிவிடாதீர்கள், அது பாலியல் தொழில் செய்கிறவரைக் குறிக்கும் சொல்.

‘சேவி’யும் இதன் உறவுக்காரச் சொல்தான். (சாவி இல்லை, சேவி!) ‘தெரியும்’ என்ற பொருளில் ஸ்பானிஷ், போர்த்துகீசிய மொழிகளில் வரும் ‘சாபே’, கடல் கடந்து வியாபாரம் செய்தவர்களின் கலப்புப் பேச்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து இப்படி ஆனது. இது தெருவோடு நிற்காது, ஏதாவது ஒரு துறையோடு ஒட்டிக்கொள்ளும்: டெக்-சேவி, மீடியா-சேவி. போனில் பணம் அனுப்புவது முதல் ரயில் டிக்கெட் எடுப்பது வரை எல்லாம் தெரிந்த தாத்தாவை டெக்-சேவி எனலாம், ஸ்ட்ரீட் ஸ்மார்ட் என்று சொல்ல அது மட்டும் போதாது. யாரோ போன் செய்து ஓ.டி.பி. கேட்டதும் அவர் பேச்சை வளர்க்காமல் கட் செய்தால், அப்போது தாராளமாகச் சொல்லலாம்.

சரி, இன்டர்வியூவுக்கு வருவோம். “ஐ ஆம் வெரி ஸ்ட்ரீட்-ஸ்மார்ட்” என்று நாமே சொல்லிக்கொண்டால் காதுக்கு நன்றாக இருக்காது. அடுத்தவர் வாயில் வர வேண்டிய சொல் அது. ரெஸ்யூமேயிலும் போடாதீர்கள். அதற்குப் பதில் ஒரு சம்பவம் சொல்லுங்கள். கடைக்காரர் “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று மூன்றாவது முறையாகத் தட்டிக்கழித்தபோது, வாங்கும் முடிவு உண்மையில் அவர் மனைவி கையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அதற்குப் பிறகு யாரிடம் எந்த நேரத்தில் போய்ப் பேசினீர்கள் என்கிற மாதிரி ஏதாவது. உங்களுக்கு உண்மையிலேயே நடந்ததாக இருக்கட்டும். அந்த மேனேஜர் குறுக்குக் கேள்வி நாலு கேட்பார், அப்போது கட்டுக்கதை நிற்காது.