காசு வைத்தால் திறமை ஒளிந்துகொள்ளும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், வேலை முடித்துக் குளித்த ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்திருக்கும் நம்ம மலேசியாவின் சுங்கை சிப்புட் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

பூல் மேசையில், அதாவது கியூ என்கிற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்ற பந்துகளைப் பாக்கெட் என்கிற குழியில் போடும் ஆட்டத்தில், காசு வைத்து ஆடுவது ஆட்டக்காரனை வளர்க்குமா, கெடுக்குமா என்பது தலைப்பு. கெடுக்கும் என்று பேச வந்திருக்கிறேன். தருமர் நாட்டை வைத்துத் தோற்ற கதையை எங்கள் அணித் தலைவர் சொல்லிவிட்டார், நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தருமருக்கு ஆடத் தெரியாது, தோற்றார். நம்ம பையன்களுக்கு ஆடத் தெரியும். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

எதிரணித் தம்பி, “சும்மா ஆடினால் கை சும்மாதான் ஆடும், அம்பது வெள்ளியை, அதாவது அம்பது ரிங்கிட்டை, மேசையில் வையுங்கள், கை ஆடாமல் நிற்கும்” என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பேச்சு அப்படி! ஆனால் காசு வைத்து ஆடுகிறவன் முதலில் பழகுவது பந்து போடுவதையா? இல்லை ஐயா. போட வேண்டிய பந்தைப் போடாமல் விடுவதை.

ஒன்பது பந்து ஆட்டம். மேசையில் இருப்பதில் சின்ன எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும், முறையாக ஒன்பதைப் போட்டவன் ஜெயித்தான். வெளியூர் அண்ணன் ஒருவர் வருகிறார். முதல் ஆட்டம் பத்து வெள்ளி. எட்டு வரைக்கும் சுத்தமாகப் போடுகிறார். ஒன்பது, மூலைப் பாக்கெட்டுக்கு நேரே நிற்கிறது. என் பாட்டி போடுவார். அண்ணனோ கியூ நுனியில் சுண்ணக்கட்டியை இரண்டு தடவை தடவி, குனிந்து, ஒரு கண்ணை மூடி, மெல்லத் தள்ளுகிறார். பந்து பாக்கெட் வாய்வரை போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. “ஐயோ!” என்று தலையில் அடித்துக்கொள்கிறார். நம்ம பையன் சிரித்துக்கொண்டே அதைத் தட்டிவிட்டுப் பத்து வெள்ளியைச் சட்டைப் பையில் போடுகிறான். அடுத்த ஆட்டம் இருபது, அதுவும் பையனுக்கு. ராத்திரி பதினொன்றரைக்கு அண்ணன் கேட்பார்: “தம்பி, கடைசியா ஒன்னு. முதல்ல ஏழு ஆட்டம் எடுக்கிறவங்களுக்கு முந்நூறு, சரியா?” அதற்கப்புறம் அண்ணன் அடிக்கிற ஒரு பந்தாவது பாக்கெட் வாயில் நிற்குமா? பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள், தலையைக் குனியாதீர்கள்.

முந்நூறு வெள்ளி என்றால் என்ன? இன்றைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்குப் பிரித்தால் நாள் கூலி 65 சொச்சம். நாலரை நாள் செம்பனைக் குலை வெட்டிய காசு, முக்கால் மணி நேரத்தில் போயே போச்சு.

எதிரணி அக்கா எஃப்ரென் ரெயஸைக் கொண்டுவந்தார். பிலிப்பைன்ஸ்காரர், மணிலாவில் மாமாவின் பூல் கூடத்தில் எடுபிடியாக இருந்து, ராத்திரி அந்த மேசைமேலேயே படுத்துத் தூங்கி, காசு ஆட்டத்தில் வளர்ந்தவர் என்றார். அத்தனையும் உண்மை. அக்கா சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அவர் 1985-இல் அமெரிக்கா போய் ஆடியபோது சொன்ன பெயர் சீசர் மொராலெஸ்! ரெயஸ் என்றால் அவர் கை எப்படிப்பட்டது என்று அங்கேயும் சிலருக்குத் தெரிந்திருந்தது, பந்தயத்துக்கு ஆள் கிடைக்காது. அப்படிப்பட்ட ஒரு கலைஞன் அப்பா அம்மா வைத்த பெயரை மறைக்க வேண்டியிருந்தது. 1999-இல் கார்டிஃபில் உலக ஒன்பது பந்துப் பட்டம் வாங்கியபோது மறைக்க என்ன இருந்தது? சொந்தப் பெயரில் ஆடினார், சொந்தப் பெயரில் ஜெயித்தார்.

“உங்கள் இளைஞர் மன்றப் போட்டியிலும் இருபது வெள்ளி நுழைவுக் கட்டணம் வாங்குகிறீர்களே, அதுவும் பந்தயம்தானே” என்று என்னைப் பார்த்தே கேட்டார்கள். நல்ல கேள்வி. அங்கே புள்ளி எழுதுகிறவன் நான். பதினாறு பேர் பெயரைச் சீட்டெழுதிக் குலுக்கிப் போடுகிறோம். யாரோடு யார் ஆடுவது என்பதைச் சீட்டு சொல்லும். கெட்டிக்காரனோடு மோதினால் மோதித்தான் ஆக வேண்டும், உள்ளதையெல்லாம் காட்டித்தான் ஆக வேண்டும். காசு ஆட்டத்தில் ஆளை நீயே பொறுக்குகிறாய். உன்னைவிட நன்றாக ஆடுகிறவனை எந்த மடையன் பொறுக்குவான்? பாதி ஆட்டம் கியூவை எடுப்பதற்கு முன்பே, “நான் எட்டாம் பந்தைப் போட்டாலும் ஜெயித்ததாகச் சேர், எனக்கு இரண்டு ஆட்டம் முன்னால் கொடு” என்கிற பேரத்திலேயே முடிந்துவிடுகிறது. மீன் மார்க்கெட் பேரத்திலாவது மீன் கண் முன்னால் கிடக்கும்.

சரி, தோற்றவன் கொடுக்கவில்லை, என்ன செய்வீர்கள்? கோர்ட்டுக்குப் போக முடியாது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 31-ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடவும் முடியாது என்கிறது. பிறகு யார் வசூலிப்பது? நாலு பேர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். வருகிறவன் வேற்றாள் இல்லை, பக்கத்து லயத்து அத்தை மகன்.

அரசாங்கமே 1969-இல் நாலு நம்பர் லாட்டரிக்கும் கெந்திங் சூதாட்ட விடுதிக்கும் உரிமம் கொடுத்ததே என்றார்கள். கொடுத்தது. அதை நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? அதற்கு வேறு ஒரு பட்டிமன்றம் வையுங்கள், இதே பக்கத்தில் வந்து உட்காருகிறேன்.

“பத்து வெள்ளி ஒரு காசா” என்று இன்னொரு தம்பி கேட்டார். தம்பி, நீ இந்த ஊரில் நின்றுகொண்டு அதைக் கேட்கலாமா? இது நம்ம மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அந்தப் பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பத்து வெள்ளி காசுதான் தம்பி.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே கேள்வியோடு உட்காருகிறேன். நம்ம பட்டணத்தில் காசு ஆட்டத்தில் கை தேர்ந்தவன் என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த அண்ணன், நாளைக்கு மன்றப் போட்டிக்குச் சொந்தப் பெயர் கொடுத்து வருவாரா? கட்டணம் இருபது வெள்ளியை நான் கட்டுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டு வந்து, அடுத்த சுற்றில் எனக்குப் பதில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.