ஒரே சுரம், நான்கு நிமிடம்

அன்பான பெரியோர்களே, பிள்ளைகளே, அந்த மின்விசிறியை ஒருக்கால் நிற்பாட்டி விடுங்கள். வேர்க்கும், பரவாயில்லை. இன்றைக்கு நான் போடப்போகும் இசை அவ்வளவு மெதுவாகத் தொடங்குகிறது.

போலந்து இசையமைப்பாளர் விட்டோல்ட் லுட்டோஸ்லாவ்ஸ்கி எழுதிய செலோ கொன்சேர்ட்டோ இது. செலோ, வயலின் குடும்பத்துப் பெரிய தந்தி வாத்தியம். கொன்சேர்ட்டோ என்றால் ஒரு தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. 1970 ஒக்டோபர் 14 அன்று லண்டனில் சோவியத் செலோ வித்துவான் ரொஸ்ட்ரோபோவிச் இதை முதன்முதலில் வாசித்தார். ஏறத்தாழ 24 நிமிடம், நடுவில் நிறுத்தமே கிடையாது.

தொடக்கத்தில் செலோ தனியே. 'டி' என்ற ஒரே சுரம், செக்கனுக்கு ஒன்றாக. அதை அக்கறையில்லாமல் வாசிக்கும்படி குறித்திருக்கிறார். இடையில் செலோ ஏதோ ஞாபகம் வந்ததுபோல அங்கும் இங்கும் ஓடும், அப்புறம் திரும்பவும் அதே சுரம். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுவதுபோல என்று நினைத்துவிடாதீர்கள். ஒத்து இன்னொருவரைத் தாங்குவதற்காக நிற்பது. இந்தச் சுரம் யாரையும் தாங்கவில்லை, தன்பாட்டில் இருக்கிறது. இப்படியே நான்கு நிமிடத்துக்கு மேல். பிறகு இசைக்குழுவின் ட்ரம்பெட்டுகள், அந்தப் பித்தளை ஊதுவாத்தியங்கள், குறுக்கே பாய்ந்து அதை வெட்டுகின்றன.

எங்கள் கோயில் மேளச்சமாவிலும் போட்டி உண்டு. ஆனால் தவில்காரர் ஒரு கணக்கு வைத்தால் அடுத்தவர் அதற்குமேல் போவார், இருவருமே உயர்வார்கள். இங்கே இசைக்குழு செலோவைப் பேசவே விடுவதில்லை.

இன்னொன்று. சில இடங்களில் வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் வாசிக்கிறார்கள். இசைக்குழுவை நடத்துபவர் தொடங்கும் சைகையை மட்டும் காட்டுவார். எங்கள் மனோதர்மம் அல்ல அது. சுரம் எல்லாம் எழுதியபடியேதான், காலம் மட்டும் கையில்.

லுட்டோஸ்லாவ்ஸ்கியின் தகப்பனை 1918இல் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் சுட்டுக் கொன்றார்கள். அண்ணன் ஒருவர் சோவியத் முகாமில் இறந்தார். வாசித்த ரொஸ்ட்ரோபோவிச்சோ, அதே ஒக்டோபர் முடிவில் சோவியத் அரசு ஒடுக்கிய எழுத்தாளர் சோல்செனிட்சினுக்காகப் பகிரங்கக் கடிதம் எழுதி அந்த அரசின் கோபத்துக்கு ஆளானார். அதனால் பலர் இதைத் தனிமனிதனுக்கும் அதிகாரத்துக்கும் நடக்கும் போராட்டமாகக் கேட்கிறார்கள். லுட்டோஸ்லாவ்ஸ்கி அந்த அரசியல் விளக்கத்தை ஏற்கவில்லை. அவர் சொல்லை மதிக்கிறேன். ஆனாலும் ஊரடங்கு இரவுகளில் சுவர் மணிக்கூட்டைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவன் நான். அந்த 'டி' எனக்கு மணிக்கூடுதான். ட்ரம்பெட் வந்தால் படலையில் யாரோ அடிக்கிறார்கள்.

கடைசியில் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து செலோவை நசுக்கும். முடிந்தது என்று கைதட்டிவிடாதீர்கள். மிக உயரத்தில் 'ஏ' சுரத்தைச் செலோ திரும்பத் திரும்ப எழுப்பும். தொடக்கத்தில் இருந்த அக்கறையின்மை அதில் துளியும் இல்லை.

சரி, மின்விசிறி நின்றுவிட்டதா? போடுகிறேன்.