சிமெண்ட்டுக்கு ஒரு கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்ங்க. இப்பல்லாம் கவர்மெண்ட் என்ன ரூல் போட்டாலும், ஹெல்மெட் போடுன்னு சொன்னாக்கூட, "லைசென்ஸ் ராஜ் திரும்ப வந்துடுச்சு"ன்னு சொல்லிடறாங்க. லைசென்ஸ் ராஜ்னா, எதைச் செய்யணும்னாலும் அதிகாரிங்க அனுமதிக்குக் காத்துக் கிடக்க வெக்கிற ஆட்சி. எல்லா ரூலுக்கும் அந்தப் பேரு வெக்கறது எனக்கு மனசுக்கு ஒப்பலைங்க.

அந்தப் பேச்சை நாடு முழுக்கக் கொண்டு போனவர் ராஜாஜி. 1959ல சென்னையில சுதந்திரா கட்சி ஆரம்பிச்ச காலத்துல இருந்து "பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்"னு காங்கிரஸ் ஆட்சியைத் தாக்கிட்டே இருந்தார். வெள்ளைக்காரனோட பிரிட்டிஷ் ராஜ் போய் 12 வருஷம்தான் ஆகுது, அப்ப "ராஜ்"னு ஒருத்தர் சொன்னா அது எவ்வளவு சுருக்குன்னு தைச்சிருக்கும்! அதுவும் அவர் சும்மா மேடையில பேசின ஆளு இல்ல, 1952ல முதலமைச்சரா இருந்தப்போ அரிசிக் கட்டுப்பாட்டையே நீக்கிக் காட்டினவர்.

1951ல வந்த தொழில் சட்டப்படி பெரிய தொழிற்சாலை ஆரம்பிக்கணும்னாலும் சரி விரிவாக்கணும்னாலும் சரி டெல்லி அனுமதி வேணும். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு ஜனங்க வருஷக்கணக்கா காத்துக் கிடந்தாங்க.

இதுல ஒரு வித்தியாசம் இருக்குங்க. அந்தக் காலத்துல ரேடியோவுக்கே லைசென்ஸ் உண்டு. போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டுவோம், சின்ன புக்குல பதிஞ்சு குடுத்துடுவாங்க. பணக்காரன், ஏழை யார் போனாலும் அதே கவுண்டர்தான், யாரும் யார் தயவையும் தேட வேண்டியதில்ல. அது வெறும் லைசென்ஸ், ராஜ் இல்ல.

ஆனா சிமெண்ட் அப்படி இல்ல, அதை வாங்க கவர்மெண்ட் பெர்மிட் வேணும். எழுபதுகள்ல எங்கப்பா வீடு கட்ட ஆரம்பிச்சு 60 மூட்டைக்கு எழுதிக் குடுத்தார், பெர்மிட் 20க்குத்தான் வந்துச்சு, மீதிக்கு எத்தனை நடை நடந்தார்னு கணக்கே இல்ல, எங்களுக்கு அப்புறம் எழுதிக் குடுத்தவங்க வீடு கூரை போட்டு முடிஞ்சிடுச்சு, எங்க சுவர் ஜன்னல் மட்டத்தோட நின்னு போச்சு. கேட்டா பதில் சொல்ல யாரும் இல்ல, ஏன்னா எந்த ரூலையும் யாரும் மீறல, ஒரு அதிகாரி மனசு வெக்கல, அவ்வளவுதான். ராஜாஜி சொன்ன ராஜ் அதுங்க.

1991 ஜூலைல முக்காவாசித் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு அறிவிச்சாங்க. அதைப் பார்க்க ராஜாஜி இல்ல, 1972லயே போயிட்டார். எங்க வீடு அதுக்கு ரொம்ப முன்னாடியே எழும்பிடுச்சு, ஆனா அந்த ஜன்னல் மட்டத்துல பழைய சிமெண்ட்டும் புதுசும் சேர்ற கோடு இன்னும் தெரியும்ங்க.